நத்தானியேல் பிரைஸ் கயிறு பிடித்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஏலத்தில் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், தூத்துக்குடியில் பஞ்சுக் கம்பெனி ஒன்றின் மானேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டே கிளம்பினார். அவருடைய பங்களா முற்றத்தில் கட்டில், மேசை, நாய்ச் சங்கிலி, கண்ணாடிக் கிண்ணம் எல்லாவற்றையும் பரப்பி ஏலம் போட்டார்கள். விக்டோரியா தன் தம்பி பர்னபாஸை அங்கே அனுப்பினாள். "அடி கனமா ஒரு இரும்புச் சட்டி கெடந்தா பாத்து எடுத்துட்டு வாலே" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவன் எடுத்துவந்தது கரும்பச்சை அட்டை போட்ட ஓர் இங்கிலீஷ் புஸ்தகம்.

"இதுல மீன் பொரிக்கலாமாலே?" என்றாள் விக்டோரியா.

(அந்தப் பர்னபாஸ் நான்தான். முதல் பிரதியில் எல்லா இடத்திலும் 'நான்' என்றே எழுதியிருந்தேன். பிறகு ஒரு காரியம் நடந்தது. அதை 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. ஆகையால் நடந்ததைச் சொல்லும் இடங்களில் எல்லாம் அடித்துவிட்டுப் 'பர்னபாஸ்' என்று போட்டிருக்கிறேன்; எழுதுகிறவன் மட்டும் 'நான்'. எங்காவது ஓரிடத்தில் 'நான்' தவறி நுழைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மானேஜர் குடும்பத்தார் தங்கள் முன்னோர் ஒருவரைப் பற்றித் தாங்களே அச்சிட்டுக்கொண்ட புஸ்தகம் அது. அவர் பெயர் நத்தானியேல் பிரைஸ். முன்னூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வர்ஜீனியாவில் காட்டை வெட்டிப் புகையிலை போட்டு, பெரிய தோட்டத்துரையாகச் செத்தவர். பர்னபாஸ் படித்தது ஐந்தாம் பாரம் வரை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், துரை தம் தோட்டத்துக்கு வரவழைத்த வேலையாட்களின் ஜாபிதா இருந்தது. கப்பலில் கொண்டுவந்து இறக்கும் ஆள் ஒன்றுக்கு ஐம்பது ஏக்கர் என்று அந்தக் காலத்தில் நிலம் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு பெயர். ஒன்பதாவது:

அந்தோணி, கிழக்கிந்தியன்.

அவ்வளவுதான். அவனைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை. பர்னபாஸ் புஸ்தகத்தை மூடாமலே எழுந்து வாசலுக்கு வந்தான். கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. அதன் மறுகரையில் ஒருவன் இந்தப் பக்கம் பார்த்து நிற்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

2

எப்படித் தொடங்குவது?

முதலில் எழுதியது: "டெவன் ஜில்லாவில் ஒரு கம்பளி நெசவாளியின் மூன்றாவது மகனாக நத்தானியேல் பிறந்தான்." இது பரீட்சைக்கு எழுதிய விடை மாதிரி இருக்கிறது.

பிறகு எழுதியது: "பனி பெய்துகொண்டிருந்தது." இது எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம், ஆனால் என்னுடையது அல்ல. வாடகைக்குப் புஸ்தகம் தரும் கடையில் பர்னபாஸ் எடுத்து வாசித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பாதி இப்படித்தான் தொடங்கின. அவன் பனியைப் பார்த்ததில்லை. உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் விடிகாலை வெளிச்சம் விழும்போது அதுதான் பனி என்று வைத்துக்கொண்டான். உப்பு வண்டி போன தெருவில் சிந்திக் கிடக்கும் வெள்ளையைத் தாண்டிப் போகும்போது அவனுக்கு மட்டும் குளிரும்.

மூன்றாவது: "நத்தானியேல் கடலை முதன்முதலாகப் பார்த்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. கடல் அவனை—"

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. பத்தொன்பது வயதுவரை கடலைக் காணாத ஒருவனுக்குள் எந்த வழியாகப் போவது? பர்னபாஸ் பிறந்த வீட்டில் கதவைத் திறந்தால் கடல். மூடினாலும் கடல், சத்தமாக.

3

இனி ரோச்சைச் சொல்ல வேண்டும். விக்டோரியாவின் புருஷன். கடலில் முங்கிச் சங்கெடுக்கிறவர். முத்து எடுக்கிற காலமெல்லாம் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கடலடியில் சிப்பி விளையும் பார்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. சங்கு மட்டும் உண்டு. ஐப்பசி முதல் சித்திரை வரை முங்குவார்கள்.

முங்குகிறவன் இரண்டு கயிற்றோடு இறங்குகிறான். ஒன்று கல் கட்டிய கயிறு. அது அவனை அடிக்குக் கொண்டுபோகும். மற்றது இடுப்புக் கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழே மூச்சு தீரும் நேரத்தில் முங்கினவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அந்த மேலே இருப்பவன் யார் என்பதில் எங்கள் கரையில் இரண்டாம் பேச்சு இல்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தான். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. பங்காளி, மனசில் என்ன இருக்குமோ. மச்சான் பிடிப்பது தன் கூடப்பிறந்தவளின் தாலியை. அதை விடமாட்டான்.

விக்டோரியாவுக்கு உடன்பிறந்தவன் பர்னபாஸ் ஒருவன்தான். ஆகவே கனவு காண்கிற பையனாக இருந்தாலும் கயிறு அவன் கைக்குத்தான் வந்தது.

ரோச்சுக்குப் பர்னபாஸின் துரையைப் பிடித்துப்போயிற்று. இரண்டு முங்கலுக்கு இடையில் வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கேட்பார்.

"மாப்ள, ஒன் தொர இன்னைக்கி என்ன பண்ணுதாரு?"

"காட்ட வெட்டுதாரு மச்சான்."

"இன்னுமா? ரெண்டு மாசம் கப்பல்ல மெதந்து போயி மண்ணத்தான் வெட்டணும்னா, அவரு ஏரல்லயே எறங்கியிருக்கலாமே."

"ஏரலுக்குக் கப்பல் போவாதுலே" என்றார் வள்ளத்தை நடத்தும் தண்டல் கஸ்பார், எதையும் சிரிக்காமல் சொல்கிறவர்.

"அப்ப நடந்து போவட்டும். தொரைக்கி என்ன, காலு இல்லியா?"

4

நத்தானியேல் துரையாகப் போகவில்லை. இதைப் புஸ்தகம் அரைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறது. பர்னபாஸ் அங்கேயே நின்றுவிட்டான்.

கப்பலுக்குக் கொடுக்க வழியில்லாத நத்தானியேல், ஏழு வருஷம் உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து அடிமையாள் போலத்தான் போனான். ஒரே காகிதத்தில் அந்த ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஒரு பாதி எஜமானுக்கு, மறுபாதி ஆளுக்கு என்று கொடுப்பார்களாம். தவணை முடிந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. பல்லோடு பல் சேர்ந்தால் விடுதலை. ஏழு வருஷமும் நத்தானியேல் தன் பாதியைச் சட்டைக்குள் வைத்திருந்தான். வியர்வையில் மை ஊறிப் படிக்க முடியாமல் போயிற்று. வெட்டின பற்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அங்கே ஓர் ஆறு. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. ஆனால் உப்பில்லை. காலையில் அதன்மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் எழும்பும். அதற்குள்ளிருந்து வாத்துகள் கத்தும். படகுகள் சத்தமாக மட்டும் வந்து, கரை தட்டியபின்தான் உருவமாகும். காய்ச்சலில் ஒவ்வொரு கோடையிலும் கூட வந்தவர்கள் செத்தார்கள். நத்தானியேல் சாகவில்லை. தவணை முடிந்தது, பற்கள் பொருந்தின. எஜமான் செத்தபின் அவருடைய விதவையையே கட்டிக்கொண்டான். நேற்றுவரை வெட்டிய காடு அவனுடையதாயிற்று. பிறகு அவனும் ஆட்களை வரவழைத்தான். தலைக்கு ஐம்பது ஏக்கர்.

(புகையிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருவாட்டுக் கூடையோடு ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் பார்த்த வாழைத் தோட்டத்தைத்தான் பர்னபாஸ் கொஞ்சம் குட்டையாக்கி வர்ஜீனியாவில் நட்டிருக்கிறான். புகையிலை தெரிந்த வாசகர்கள் இலையின் அளவைத் திருத்தி வாசிக்கவும்.)

எஜமானாக ஆன நத்தானியேலைப் பர்னபாஸால் வெறுக்க முடியவில்லை. சட்டைக்குள் காகிதம் வைத்திருந்தவன் அல்லவா? அதே நத்தானியேல் எப்படி—

இந்தக் கேள்வியை முடிக்காமல் விடுகிறேன். கதை முழுக்க இதுதான்.

5

எனக்குச் சந்தேகம் அந்தோணிமேல்.

கிழக்கிந்தியன் என்றால் கோவாக்காரனாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம், எங்கேயோ ஒரு கப்பலில் ஒரு பாதிரி அவசரத்தில் வைத்த பெயராக இருக்கலாம். பர்னபாஸ் இதைச் சொன்னபோது ரோச்சுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தோணி நம்ம ஆளுதாம்லே. அதுல என்ன சந்தேகம்? பெரியதாழைக்காரனா இருப்பான். அவனுவதான் சொல்லாமக் கொள்ளாம எவன் கப்பல்லயும் ஏறுவானுவ."

"ஒன் மாமா வீடு பெரியதாழைதான?" என்றார் கஸ்பார்.

"அதான் சொல்லுதேன். எனக்குத் தெரியாதா?"

ஆகவே அந்தோணி எங்கள் கரைப் பெரியதாழைக்காரன் ஆனான், முத்துக் குளித்தவன் ஆனான். எந்தக் கப்பலிலோ ஏறி, லண்டனில் இறங்கி, அங்கிருந்து வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு யாரும் காகிதம் எழுதவில்லை. எழுதாத காகிதத்துக்குப் பாதி ஏது? ஏழு வருஷம் ஆயிற்று. எட்டு. பத்து. கூட வந்தவர்கள் பற்களைப் பொருத்திவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அந்தோணி புகையிலைக் கொட்டகையில் துரையின் முன்னால் வந்து நின்றான்.

"என் பாதி எங்கே?" என்றான்.

நத்தானியேல் பதில் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. இருவருக்கும் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நங்கூரத்தைக் கண்டுபிடித்தேன்.

6

தோட்டத்துப் படகின் ஒரே நங்கூரம் அறுந்து ஆற்றில் போய்விட்டது. அந்த நாட்டில் இரும்பு அருமை. இன்னொன்று வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அந்தோணி சொன்னான்: நான் முங்கி எடுத்துத் தருகிறேன். எடுத்தால் என்னை விட்டுவிட வேண்டும். துரை சரி என்றார். அந்தோணி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையைக் கையில் வைத்தபடி படகில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தத் தேசத்தில் அவனுக்கு மச்சான் கிடையாது.

"நான் பிடிக்கிறேன்" என்றான் நத்தானியேல்.

"நீர் எனக்கு என்ன முறை?"

நத்தானியேல் கையை நீட்டினான். அந்தோணி கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கினான். நங்கூரத்தில் கட்டுவதற்காக வேறொரு கயிறும் கொண்டுபோயிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டாவது கயிறு விறைத்தது, கட்டிவிட்டான். இனி ஆள் மேலே வராவிட்டாலும் நங்கூரம் வரும். ஆள் மேலே வந்தால் தோட்டத்தின் நல்ல வேலையாள் ஒருவன் போய்விடுவான். ஆற்றின் மேல் மூட்டம். பார்க்க யாருமில்லை. நத்தானியேல் கையில் கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

இந்த இடம் பர்னபாஸுக்குத் தை மாதத்தில், ஒரு காலை பத்து மணி வெயிலில், வள்ளத்தில் நிற்கும்போது தோன்றியது. நோட்டு மடியில் செருகியிருந்தது. மனசுக்குள்தான் எழுதிக்கொண்டிருந்தான். உடனே இழுத்துவிட்டால் கதை என்ன கதை? நல்ல எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட இடத்தில் வாசகரை ஒரு நொடி நிறுத்திவைப்பார்கள். நத்தானியேல் ஒரு நொடி நிற்கட்டும். கயிறு மறுபடி சுண்டட்டும். அவன் ஆற்றைப் பார்க்கட்டும், வாத்துச் சத்தம் கேட்கட்டும், தன் சட்டைக்குள் இருந்த காகிதத்தை நினைக்கட்டும். கயிறு மறுபடி சுண்டியது. எவ்வளவு நிஜமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டான். உள்ளங்கையில் உணர முடிந்தது. இன்னும் ஒரு நொடி—

"இழுலே! ஏலே, நாசமாப் போறவனே, இழுலே!"

கஸ்பாரின் குரல். நத்தானியேல் கையில் துடித்ததாக நான் நினைத்த கயிறு என் கையில் துடித்திருக்கிறது. இப்போது துடிக்கவில்லை.

நான் இழுத்தேன். கஸ்பாரும் வந்து இழுத்தார். ரோச் மச்சான் கண் திறந்தபடி மேலே வந்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம். வள்ளத்து விளிம்பில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஓர் இருமல்.

(நுழைந்துவிட்டது. பார்த்தீர்களா? 'நான்' என்று ஐந்தாறு வரி. திருத்தப் போவதில்லை.)

7

பர்னபாஸுக்கே திரும்புகிறேன்.

ரோச் பிழைத்துக்கொண்டார். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. கரையில் வலை உலர்த்துகிறவர்கள் பர்னபாஸின் முகத்துக்கு நேரே பேசினார்கள்: "மச்சானே இப்பிடின்னா அசலான் எப்பிடி இருப்பான்?" விக்டோரியா ஒன்றும் பேசவில்லை. அதுதான் பெரிது. மூன்று வேளையும் அவனுக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனாள். தவக்காலம் தொடங்கிய பிறகும் அவனோடு ஒரு சொல் இல்லை.

பங்குனியில் ரோச் மறுபடி முங்கப் போவதாகச் சொன்னார். கஸ்பார் வீட்டுக்கு வந்தார்.

"கயிற நான் பிடிக்கேன் ரோச்சு. இந்தப் பயல விடு."

"வேண்டாம்" என்றார் ரோச், கேட்கிற காதைத் திருப்பி. "நாளைக்கி ஒமக்கும் எனக்கும் வலைக்காவ ஒரு சண்ட வந்தா, நான் சமாதானம் பேசிட்டா மேல வர முடியும்? மொற உள்ளவன்தான் பிடிக்கணும்."

"மொற உள்ளவன் பிடிச்ச லெச்சணந்தான் பாத்தமே."

பர்னபாஸ் சுவரோரமாக நின்றான். "என்னால முடியாது மச்சான். கை சரியில்ல."

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலைதான் வர்ஜீனியாவுல கெடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ரோச் மட்டும் சிரித்தார். பிறகு எல்லோரும் விக்டோரியாவைப் பார்த்தார்கள். அவள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். பர்னபாஸ் பிடித்தால்தான் ரோச் இறங்குவார். இறங்கினால்தான் வீடு நடக்கும். இறங்கினால் வராமலும் போகலாம். சொல்ல வேண்டியவள் அவள். சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"நோட்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றாள். "அந்தத் தொர என் வீட்ல இருக்கட்டும். நீ கடலுக்குப் போ."

8

நாளைக் காலை வள்ளம் புறப்படுகிறது. இன்று விளக்கு வைப்பதற்குள் நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் முழுவதும் முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

நத்தானியேல் இழுத்துவிடுகிறான். அந்தோணி இருமிக்கொண்டு மேலே வருகிறான். துரை தம் கையால் காகிதம் எழுதிப் பல் பல்லாக வெட்டுகிறார். இதை நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அந்தத் துரை நன்றாகக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டவர் மாதிரி வருகிறார். புஸ்தகத்தில் இருக்கும் மனிதர் கடைசிவரை ஆள் சேர்த்துக்கொண்டே போனவர்.

நத்தானியேல் இழுக்கவில்லை. நங்கூரம் தனியாக வருகிறது. அவன் கிழவனாகிறான். விருந்தில், ஜெபத்தில், குதிரைமேல், எங்கே இருந்தாலும் திடீரென்று உள்ளங்கையைத் திறந்து பார்ப்பான். இதை நான் மற்ற எதையும்விட நன்றாக எழுத முடியும். அதனால்தான் பயந்து கிழித்தேன்.

இன்னொன்று ரோச் மச்சான் சொன்னது. "அந்தோணி கயித்த அவுத்து வுட்டுட்டு அடியோட நீந்துதான். நீந்தி நீந்தி நம்ம கடல்ல வந்து எந்திரிக்கான். கஸ்பாரு வள்ளத்துக்குப் பக்கத்துல. 'தம்பி, பெரியதாழைக்கு எந்தப் பக்கம்'னு கேக்கான். எழுதுலே, எவன் கேக்கப் போறான்?" எனக்கு இது ரொம்பப் பிடித்தது. பச்சைத் தண்ணீருக்கு அடியில், வேர்களும் கப்பல் எலும்புகளும் தாண்டி, முன்னூறு வருஷம் மூச்சடக்கி ஒருவன் வந்துகொண்டே இருப்பதைப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு காது போன மனுஷர் சொன்ன வேடிக்கையை அவர் காதைக் கெடுத்தவன் முடிவாக எழுதிக்கொள்வது—

இப்போது அக்கா வந்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள்.

"முடிஞ்சுதா?"

"இல்லக்கா."

"அந்த அந்தோணி என்ன ஆனான்?"

"இன்னும் மேல வரல."

"தை மாசத்துலருந்தா? ரெண்டு மாசமா ஒரு மனுசன தண்ணிக்குள்ளயே போட்டு வச்சிருக்கியா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பினாள். கான்வெண்டில் படித்தவள், விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தை மாதத்து வரிகளில் விரல் நின்றது. அங்கே தண்ணீருக்குள் இருப்பது அவள் புருஷனும்தான். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கத இங்கனதான நிக்கு?"

"ஆமாக்கா."

"பென்சிலக் குடு."

"நீ என்ன எழுதப் போற?"

"ஒனக்கென்ன? போயிப் படு. காலைல கயிறு பிடிக்கணும்."

இதுவரைக்கும் எழுதிக்கொள்ள மட்டும் விட்டாள். நீட்டிய கையை மடக்கவில்லை. பென்சில் ஒன்றுதான் இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன். இதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ஏதாவது இருந்தால் அது விக்டோரியாவுடையது. நான் கரைக்கு வந்துதான் வாசிப்பேன். ஒன்றும் எழுதாமல் அவள் மூடிவைத்திருந்தால், நீங்கள் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். சீக்கிரம் எழுதுங்கள். கீழே ஆள் இருக்கிறான்.